உடையவரும் உடன் ஒருவரும்

1

இந்த ஆண்டு ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் எதையும் துலக்கவில்லை. கார் ஒரு வாரத்து மழை அழுக்கோடு நின்றது. என் மனைவி கலா முதியோர் இல்லத்தில் செவிலியர்; இரவுப் பணி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சாமி படத்துக்கு முன்னால் கார் சாவியையும் அவளுடைய ஸ்டெதாஸ்கோப்பையும் வைத்து, இரண்டுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். ஆக்லாந்தில் ஆயுத பூசை என்பது வேலைநாளின் காலையில் செருப்பு மாட்டுவதற்கு முன் செய்து முடிக்கிற காரியம்.

கூடத்து அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதையும் நான் திறக்கவில்லை. உள்ளே நீல வெல்வெட்டில் ஒன்பது குழிகள். எட்டில் பொருள் இருக்கிறது, ஒன்பதாவது காலி. போன ஆண்டு இதே பூசை நாளில்தான் அந்த ஒன்பதாவது கெட்டது. அதைப் பற்றி எழுத இத்தனை நாள் பொறுத்ததற்குக் காரணம், அந்தக் கதைக்கு முடிவு வரவில்லை. போன வாரம்தான் வந்தது.

2

அந்தப் பெட்டியில் இருப்பவை பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குத் தரப்பட்ட ஆயுட்கால அனுமதி பாஸ்கள். அமெரிக்காவில் தொழில்முறையாகப் பல ஆண்டுகள் ஆடி ஓய்வு பெற்றவருக்கு லீக் ஒரு சிறிய உலோக அட்டை கொடுக்கும். விசிட்டிங் கார்டை விடச் சற்றுச் சிறியது. அவர் பெயர் அதில் செதுக்கப்பட்டிருக்கும். சாகும்வரை எந்த மைதானத்தின் வாசலிலும் அதைக் காட்டி உள்ளே போகலாம். என்னிடம் இருப்பவற்றில் எல்லாம் பெயருக்குக் கீழே ஒரே வாசகம்தான்: உடையவரும் உடன் ஒருவரும். பல ஆண்டு ஆடியவருக்கு வெள்ளி. அதைவிட நெடுங்காலம் ஆடியவருக்கு, வெள்ளியின் மேல் தங்க முலாம்.

இது எனக்கு எப்படித் தொற்றியது என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன்: இடம் மீந்ததால். திருச்சியில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஏஜென்சிச் செய்திகளோடு பேஸ்பால் முடிவுகளும் தினமும் வந்து குவியும். அவற்றைப் படிக்காமலேயே தள்ளிவிடுவோம். ஒரு நாள் பக்கத்தின் அடியில் நான்கு வரி இடம் மீந்தது. கையில் கிடைத்தது இந்த பாஸ் பற்றிய துணுக்கு. மொழிபெயர்த்துப் போட்டேன். வாசகர் ஒருவரும் அதைப் பற்றி எழுதவில்லை. என் மனத்தில் மட்டும் தங்கிவிட்டது.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில், பக்குரங்காவில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் மேசையில், தேக்கரண்டிகளுக்கு நடுவே ஒன்று கிடந்தது. தன் பெரியப்பாவுடையது என்றார். அதுதான் முதலாவது. மற்றவை இணையத்தில் தேடி வாங்கியவை.

நான் ஒரு பேஸ்பால் ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. வீட்டில் இதை அடிக்கடி நினைவூட்டுவார்கள். “எல்லாமே அடுத்தவன் பேர்ல இருக்கிற சீட்டு. இதைக் காட்டினா உங்களை வாசல்ல நிறுத்திடுவான்,” என்பாள் கலா. மகள் மிதிலா ஆங்கிலத்தில் சொல்வாள். ஆசிரியப் பயிற்சி முடித்து, இந்த ஆண்டு வேலை கிடைத்து, மாசி என்கிற புறநகரில் தோழிகளோடு ரென்ட்டுக்கு வீடு எடுத்துப் போய்விட்டாள். “அப்பா, யூ டோன்ட் ஈவன் லைக் பேஸ்பால்.” உண்மைதான். எனக்குப் பிடித்தது அந்த வாசகம்.

சேகரிப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு விதி உண்டு: துலக்காதே. பழைய உலோகத்தின் மேல் படிந்திருக்கும் நிறம்தான் அதன் வயது. எனக்கென்று இன்னொரு விதி வைத்திருந்தேன். பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்வரை அது பாஸ். அவர் போன பிறகே அது சேகரிப்புப் பொருள். ஆகவே வாங்கிய ஒவ்வொன்றுக்கும் இறந்த விவரத்தை உறுதிப்படுத்துவேன். இது பத்திரிகைப் பழக்கம். இரங்கல் செய்தி போடுமுன் இரண்டு இடத்தில் விசாரிக்க வேண்டும் என்பார் எங்கள் செய்தி ஆசிரியர். அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்றும் உண்டு: “ரெண்டு உண்மை கையில இருந்தா பக்கத்துல பக்கத்துல போடு. ஒண்ணாலதான் இன்னொண்ணு நடந்துச்சுன்னு மட்டும் ஆதாரம் இல்லாம எழுதாதே.”

3

கலாவின் அப்பா போன ஆண்டு எங்களோடு இருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு தனியாக இருந்தார். அவரை நிரந்தரமாக இங்கே அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பம் குலுக்கலில் இருக்கிறது. குலுக்கல் என்றால் உண்மையிலேயே குலுக்கல்தான். பெயர் விழுந்தால் அழைப்பார்கள். அதுவரை பார்வையாளர் விசா. அதற்கும் மார்பு எக்ஸ்ரே, வங்கிக் கணக்கு, ஊருக்குத் திரும்பிப் போவதற்கான காரணம் எல்லாம் காட்ட வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று நானும் கலாவும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். “வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு எழுதுங்க,” என்றார் மாமா போனில்.

வந்தவருக்கு இங்கே செய்ய ஒன்றும் இல்லை. காலையில் நாங்கள் இருவரும் போய்விடுவோம். புல் வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டினார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். பிறகு வீட்டில் கிறீச்சிடுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

ஒரு நாள் பெட்டியைத் திறந்து காட்டினேன். மற்றவர்கள் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “தனியாளுக்கா, ஜோடிக்கா?” என்றார்.

“உடையவரும் கூட ஒருத்தரும், மாமா.”

“அப்ப ஜோடி பாஸ்.” கண்ணாடியை இறக்கிவிட்டு, “எங்களுக்கும் உண்டுல்ல. ரிட்டயர்டு பாஸ். நானும் அவளும் போறதுக்கு. காசி, ஹரித்துவார்னு எல்லாம் போனோம். அவ போனப்புறம் நான் எழுதி வாங்கவே இல்ல,” என்றார்.

“தனியாப் போகலாமே மாமா.”

“போகலாம். எங்க போறது?”

பெட்டியை மூடிக் கொடுத்தார். மூடுவதற்கு முன் ஒன்பதாவதை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். “இது மட்டும் திட்டுத் திட்டா மஞ்சப் பாரிச்சுப் போயிருக்கு,” என்றார். நான் அப்போது கைப்பேசியில் வேலைச் செய்தி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையாட்டியதாக நினைவு.

4

அந்த ஒன்பதாவது பாஸ் வால்டர் என்பவருடையது. முழுப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இறந்தவரின் வீட்டுப் பொருள் என்று சொல்லி விற்றிருந்தார்கள். வழக்கம்போல விசாரித்தேன். இறந்த நாள் எங்கும் கிடைக்கவில்லை. மாறாக ஓர் உள்ளூர்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் ஒரு புகைப்படம் கிடைத்தது. முதியோர் இல்லத்தின் புல்வெளியில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, குழந்தைகளுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார் வால்டர்.

இல்லத்துக்கு எழுதினேன். அவருடைய மகள் எலன் பதில் எழுதினார். அப்பாவை இல்லத்தில் சேர்த்தபோது வீட்டைக் காலி செய்ய ஆள் விட்டார்களாம். சாமான்களோடு சாமானாக அதுவும் போய்விட்டது. “அப்பாவுக்குப் பல விஷயங்கள் மறந்துவிட்டன. பாஸ் மட்டும் மறக்கவில்லை. இன்னொரு முறை அந்த மைதானத்து வாசலில் தன் பாஸைக் காட்டி உள்ளே போக வேண்டும் என்கிறார். நான் டிக்கெட் வாங்குகிறேன் என்றால் கோபம் வருகிறது. ‘டிக்கெட் வாங்கி உள்ளே போக நான் என்ன பார்வையாளனா?’ என்கிறார்.”

என் விதிப்படி அது சேகரிப்புப் பொருளே இல்லை. திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று அன்றே எழுதினேன். அங்கே அது சீசன் முடிகிற காலம். அடுத்த வசந்தத்தில் ஆட்டம் தொடங்கும்போது அப்பாவை அழைத்துப்போவதாக எலன் சொன்னார். ஆயுத பூசைக்கு மறுநாள் பார்சல் போடுவது என்று நான் முடிவு செய்தேன்.

5

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூசை என்றால் என்ன என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நாளில் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அன்றைக்கு மட்டும் குடும்பம் குடும்பமாகப் போகலாம். அதற்கு முந்தைய நாட்களில் ஒவ்வொரு லேத்தையும், ஒவ்வொரு ஸ்பேனரையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். எந்தப் பிரிவு அதிகம் மின்னுகிறது என்று போட்டியே நடக்கும். மாமா அந்தப் பள்ளியில் படித்தவர்.

போன ஆண்டு பூசையன்று சற்றுச் சீக்கிரமாகவே வேலையிலிருந்து வந்தேன். வாசலில், அன்று நான் எடுத்துப்போகாத என் கார், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழத்தோடு நின்றது. புல் வெட்டும் இயந்திரத்துக்குச் சந்தனம். பிரிண்டருக்குச் சந்தனம். மைக்ரோவேவுக்கும்.

அப்போது மிதிலா எங்களோடுதான் இருந்தாள். உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. “தாத்தா! மை லாப்டாப்! விபூதி இஸ் இன்சைட் த கீபோர்டு!”

“வாணி இருக்கிற இடம்டி அது. பட்டை போடாம எப்படி?”

பக்கத்து வீட்டு குகன் சுண்டல் சாப்பிட வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சாமி படத்துக்கு முன் அவர் குனிந்து நின்றிருந்தார். “இஞ்ச வாங்கோ அண்ணை, வந்து பாருங்கோ,” என்று என்னைக் கூப்பிட்டார். “ஐயா மினுக்கியிருக்கிற வடிவைப் பாருங்கோ. முகம் பாத்துச் சவரம் எடுக்கலாம் போலக் கிடக்கு!”

வாழையிலையில் என் ஒன்பது பாஸ்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குங்குமப் பொட்டு. எல்லாம் ஒரே நிறம். எல்லாம் பளிச்சென்ற வெள்ளை.

மாமா துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார். அவர் முகத்தில் அந்த மாதிரி ஒரு மலர்ச்சியை அவர் வந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. “எட்டு ஈஸியா வந்துருச்சு மாப்ளே. ஒண்ணுதான் ரொம்பப் பாடு படுத்திருச்சு. பின்னாடி பாத்தேன், வெள்ளி முத்திரை இருக்கு. முன்னாடி பூரா மஞ்சப் பாரிச்சுக் கிடக்கு. விபூதிக்கு அசையல. அப்புறம் கலா வெச்சிருந்த பாலிஷைப் போட்டு, காலைலேருந்து தேய்ச்சேன். போயிருச்சு பாருங்க.”

“போயிருச்சு மாமா,” என்றேன்.

6

சமையலறையில் கலா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “என்னாச்சு? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“வால்டர் பாஸ்ல தங்கம் போயிடுச்சு.”

“எங்க போச்சு?”

“உங்கப்பா துணியில இருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “சரி. அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. இன்னும் மூணு வாரத்துல கிளம்புறாரு. இங்க வந்து இன்னிக்குத்தான் மனுஷன் வயிறாரச் சாப்பிட்டிருக்காரு.”

“எலனுக்கு என்ன சொல்ல?”

“மறுபடி முலாம் பூசிக் குடுத்துடுங்க. இங்க நகைக்கடைக்காரங்க இல்லையா என்ன? யாருக்குத் தெரியப்போகுது?”

எனக்குத் தெரியும் என்றேன். தவறாக அச்சான செய்தியைத் திருத்தம் போடாமல் இணையத்தில் மட்டும் மாற்றிவிடுகிற வேலை அது. நடந்ததை நடந்தபடி எலனுக்கு எழுதினேன். எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் அன்போடு செய்த தவறு. முலாம் பூசித்தான் ஆகவேண்டும் என்றால் செய்து தருகிறேன். எலன் பெரிய மனது உள்ளவர். ஒன்றும் செய்ய வேண்டாம், அப்பாவுக்குக் கண் அவ்வளவு தெரியாது, அப்படியே அனுப்புங்கள் என்று எழுதினார்.

மங்கரேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. பிறர் அனுப்பும் பொருளை ஒரு வரியில் வர்ணிப்பதுதான் என் தொழில். இதை எப்படி வர்ணிப்பது என்று தெரியவில்லை. நகை என்றால் ஒரு பிரிவு. பழம்பொருள் என்றால் வேறு பிரிவு, வேறு கேள்விகள். நுழைவுச்சீட்டு என்று போட்டேன். காலாவதித் தேதி என்ன என்று கணினி கேட்டது. வெற்றிடமாக விட்டால் ஏற்கவில்லை. பக்கத்து இருக்கைச் சமோவாக்காரரிடம் கேட்டேன். “எப்போது காலாவதியாகும்?” என்றார். “அவர் இறக்கும்போது,” என்றேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “உலோகத் துண்டு, பழையது என்று போடு,” என்றார். அப்படியே போட்டேன்.

7

மாமா கிளம்புவதற்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிறு காலை. எலன் வீடியோ அழைப்பில் வந்தார். பார்சல் வந்துவிட்டது, அப்பா கையில் கொடுக்கப்போகிறேன், நீங்களும் பாருங்கள் என்றார். நான் கூடத்தில் இருந்தேன். மாமா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். அறைக்குள் போய்ப் பேசியிருக்கலாம். ஏனோ தோன்றவில்லை.

திரையில் வால்டர் தெரிந்தார். பெரிய கைகள், மெலிந்த முகம். எலன் அதைக் கொடுத்ததும் கண்ணருகே கொண்டுபோனார். ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னுடையது இல்லை,” என்றார் ஆங்கிலத்தில். “என்னுடையது கோல்டு.”

“அதுதான் அப்பா. உன் பெயரைப் பார்.”

“கோல்டு. என்னுடையது கோல்டு. இது குறைவாக ஆடினவனுக்குக் கொடுப்பது. யார் என்னைக் குறைத்தது?” குரல் உயரவில்லை. அவர் அந்தப் பாஸைப் பக்கத்து மேசையில் டி.வி. ரிமோட்டுக்கு அருகில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலன் மன்னிப்புக் கேட்டு அழைப்பை முடித்தார்.

நார் உரிக்கிற சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மாமாவின் ஆங்கிலம் ஒர்க்‌ஷாப் ஆங்கிலம். ஆனால் கோல்டு என்ற சொல்லுக்கு அது போதும்.

“மாப்ளே, அது தங்கமா?”

“முலாம்தான் மாமா.”

“நான் தேய்ச்சது?”

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

“அவங்களுக்குத் தங்கம் வேற, வெள்ளி வேறயா?”

“ரொம்ப வருஷம் ஆடினவங்களுக்குத்தான் தங்கம்.”

அவர் அவரைக்காய்த் தட்டைக் கீழே வைத்தார். “எங்கள்லயும் அப்படித்தான். கலரைப் பாத்தே எந்த கிளாஸ் பாஸ்னு தெரிஞ்சுரும். பஸ்ட் கிளாஸ் பாஸ் வாங்கறதுக்கு மனுஷன் எத்தனை வருஷம் காத்துக் கிடப்பான் தெரியுமா?” உரித்த நாரை ஒரு பக்கம் ஒதுக்கினார். “நான் அந்த ஆளை கிரேடு இறக்கிட்டேன்.”

உள்ளேயிருந்து வந்த கலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று மதியம் அவரைக்காய்ப் பொரியலை மாமா தொடவில்லை.

8

மறுநாள் காலை நான் ஷூ மாட்டும்போது மாமா வந்து நின்றார். சட்டை போட்டிருந்தார், பையில் பேனா.

“ஒரு கெட்டி அட்டை வேணும் மாப்ளே.”

“எதுக்கு மாமா?”

“பாஸ்ல ஏதாவது அடிச்சுத் திருத்தியிருந்தா பக்கத்துல திருத்தினவன் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா செல்லாது. டி.டி.ஆர். பாதி வழில இறக்கி விட்டுருவான். இதுல திருத்தினது நான். நான்தான் அட்டெஸ்ட் பண்ணணும்.”

இது ரயில்வே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மிதிலா தன் அறையிலிருந்து ஓர் அட்டை கொண்டுவந்தாள். மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் எழுதினார். எழுதியதன் தமிழ் இது:

‘இது தங்க வகுப்பு பாஸ். துலக்கும்போது தங்கத்தை எடுத்துவிட்டவன் நான். பிழை என்னுடையது, உடையவருடையது அல்ல. உடையவரையும் உடன் ஒருவரையும் அனுமதிக்கவும்.’

கீழே கையெழுத்து. அதற்குக் கீழே பெயர், ஓய்வு பெற்ற ஃபிட்டர், முதல் நிலை, பொன்மலை. எழுதிவிட்டு அட்டையைத் தள்ளிவைத்துப் பார்த்தார். திருப்தி இல்லை.

“சீல் இல்லாம எப்படி?”

மிதிலா ஒரு நிமிடம் யோசித்தாள். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் குழந்தைகளின் நோட்டில் குத்துவதற்காக அவளிடம் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. எடுத்து வந்தாள். நடுவில் கிவிப் பறவை, சுற்றிலும் ‘மிக நன்று’ என்று ஆங்கிலத்தில் இருக்கும்.

“இது என்ன, கவர்மென்ட் சீலா?”

“ஸ்கூல்… ஸ்கூலோடது, தாத்தா.” அவள் தமிழில் பதில் சொன்னது எனக்கு உறைக்கவே சற்று நேரமானது.

“ஸ்கூல்னா கவர்மென்ட்தான். குத்து.”

குத்தினாள். மை காயும்வரை மாமா ஊதிக்கொண்டிருந்தார். அன்றைக்கே அதை அனுப்பினேன். இந்த முறை வர்ணிப்பதில் சிரமமில்லை. வாழ்த்து அட்டை என்று போட்டேன். அந்த வார இறுதியில் மாமா திருச்சிக்கு விமானம் ஏறினார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததை மறக்காமல், போய் அடித்தும் விட்டார்.

9

எலனிடமிருந்து அதன் பிறகு அவ்வப்போது செய்தி வந்தது. அட்டையைப் படித்துக் காட்டியதும் வால்டர் இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். பிறகு ரிமோட்டுக்கு அருகில் கிடந்த பாஸைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். இல்லத்துக்கு வருகிறவர்களிடம் முதலில் அட்டையைக் காட்டுவார், அப்புறம்தான் பாஸை. ஆனால் வசந்தத்தில் அவரை மைதானத்துக்கு அழைத்துப்போக முடியவில்லை. நெஞ்சுச் சளி, மருத்துவமனை. கோடையிலும் முடியவில்லை.

மாமாவுக்கு ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் பேச்சு ஒரே வரிசையில்தான் போகும். குலுக்கல் விழுந்ததா? இல்லை மாமா. மிதிலா எப்படி இருக்கா? மாசில இருக்கா, நேரமில்லைங்கிறா. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தப் பெரியவரை உள்ள விட்டாங்களா?”

“இன்னும் போகல மாமா.”

“பாஸ் செல்லாதுன்னு சொல்லிட்டாங்களா?”

“இல்ல மாமா. உடம்பு சரியில்ல.”

நான் சொல்வதை அவர் நம்பவில்லை என்று கலா சொல்வாள்.

போன வாரம் எலன் ஒரு புகைப்படம் அனுப்பினார். சீசன் முடியும் தறுவாயில், ஒரு மதிய ஆட்டம். மைதான வாசல். சக்கர நாற்காலியில் தொப்பியோடு வால்டர், ஒரு கையில் பாஸ், மறு கையில் கிவிப் பறவை குத்திய அட்டை. கீழே எலன் நடந்ததை எழுதியிருந்தார். வாசலில் நின்ற இளைஞன் அந்த மாதிரிப் பாஸைப் பார்த்ததே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். அட்டையை வாய்விட்டுப் படித்தான். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எலன், நாற்காலிக்குப் பின்னாலிருந்து, முன்பே வாங்கி வைத்திருந்த இரண்டு டிக்கெட்டுகளைக் கைப்பேசியில் காட்டினார். இயந்திரம் ஒலித்தது. இளைஞனுக்குப் புரிந்தது. பாஸை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, “வாங்க சார், உள்ளே போங்க,” என்றான். “அப்பா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாஸ் இன்னும் செல்கிறது என்று. உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.”

நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகியவன் நான். இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆயுத பூசை அன்று, மங்கரேயில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், வண்டி நிறுத்தத்தில் நின்று அவரை அழைத்தேன். அங்கே பொழுது விடிந்துகொண்டிருந்தது. குளித்துத் தயாராக இருந்தார்.

குலுக்கல் விழுந்ததா என்று கேட்டார். மிதிலாவைக் கேட்டார். பிறகு செருமினார்.

“மாமா, வால்டர் மைதானத்துக்குப் போனார். வாசல்ல பாஸையும் உங்க அட்டையையும் காட்டினார். உள்ள விட்டாங்க.”

ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றால்தான் இன்னொன்று நடந்தது என்று நான் சொல்லவில்லை. செய்தி ஆசிரியர் இருந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஏற்காமலும் இருந்திருக்கலாம்.

அவர் மறுபடி செருமுவது கேட்டது. 

“கூட யார் போனா?”

“மகள்.”

“அப்ப சரி,” என்றார். “ஜோடி பாஸ் வீணாகல.” செருப்பு மாட்டுகிற சத்தத்துக்கு நடுவே, “வெச்சுரட்டுமா மாப்ளே? இன்னிக்கு ஒர்க்‌ஷாப்புல எல்லாரையும் உள்ள விடுவாங்க. லேட்டாப் போனா கூட்டம் நெருக்கும்,” என்றார்.

“உங்ககூட யாரு மாமா வர்றா?”

“நான் மட்டும்தான்.” வீட்டுக் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. “பழைய ஆளுங்க எல்லாம் போயாச்சு. கேட்டுல ஒருத்தனுக்கு மட்டும் இன்னும் என்னைத் தெரியும்.”